மெலிந்த எலும்பும் திருகாணியின் பிடிப்பும்

நம் அண்டை வீட்டில் வசிக்கும் மூதாட்டியார் ஒருவர், பெண்பாடசாலையில் பல்லாண்டு உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு முதுகெலும்பில் ரணசிகிச்சை நடந்தது. முள்ளெலும்புகளில் திருகாணிகளைச் செலுத்தி, அவற்றை உலோகக் கம்பிகளால் இணைத்து, தளர்ந்த முதுகை நிலைநிறுத்தினார்கள். பத்து மாதம் சுகமாக இருந்தார். அதன்பின் வலி மீண்டது. எக்ஸ்ரே படத்தில், கீழேயுள்ள இரண்டு திருகாணிகளைச் சுற்றி மெல்லிய கருவளையம் தோன்றிற்று. எலும்பு மெலிந்திருந்தமையால் ஆணிகள் தளர்ந்துவிட்டன என்று வைத்தியர் கூறினார். அவரைக் கண்டுவரச் சென்ற நம்மிடம் அம்மையார், "தம்பி, நீங்கள் பௌதிகம் கற்பிக்கிறவர். சொல்லுங்கள், உள்ளே போடுமுன் இந்த ஆணியை ஒருவரும் சோதித்துப் பார்ப்பதில்லையா?" என்று வினவினார்.

சோதித்துப் பார்க்கிறார்கள், மிக்க நுட்பமாகவே சோதிக்கிறார்கள். ஆயினும் அவ்வினாவிற்குரிய விடை ஒரு சொல்லில் அடங்குவதன்று. ஒரு பொருளைச் சோதிப்பது என்றால் என்ன, சோதனை எதனைச் சொல்லும், எதனைச் சொல்லாது என்பன அதனுள் அடங்கியுள்ளன. ஆதலின் அவ்விடையை நம் மாணவர்க்கும் பயன்படுமாறு இங்கே சிறிது விரித்து எழுதத் துணிந்தோம். திருகு, நெம்புகோல், விசை, பரப்பு என்னும் இவற்றை அறிந்தார் எவரும் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

எலும்பின் அமைப்பும் மெலிவும்

முள்ளெலும்பு ஒவ்வொன்றும் முன்புறத்தில் உருண்டையான உடற்பகுதியும், பின்புறத்தில் வளைவும் உடையது. இவ்விரண்டுக்கும் நடுவே தண்டுவடம் செல்லும் வழி இருக்கிறது. உடற்பகுதியையும் பின்வளைவையும் வலமும் இடமுமாக இரண்டு குட்டையான எலும்புக் காம்புகள் இணைக்கின்றன. இவற்றை வைத்தியர் பெடிக்கிள் என்பர். முதுகின் பின்னிருந்து இக்காம்பின் வழியே செலுத்தப்படும் திருகாணி, உடற்பகுதியின் உட்புறம் வரை சென்று நிற்கும்.

உடற்பகுதியின் மேலோடு மெல்லியது. உள்ளே கடற்பஞ்சு போன்ற அமைப்பு. நிறுத்தியும் கிடத்தியும் வைத்த சிறு சட்டங்கள் பின்னி நிற்பதே இப்பஞ்சு. வயது ஏற ஏற, சிறப்பாக மாதர்க்கு மாதவிலக்கு நின்ற பிறகு, எலும்பு கரைதல் மிகுந்து, புதிதாய் அமைதல் குறைகிறது. ஆடவரும் இதற்கு விலக்கல்லர். முள்ளெலும்பில் கிடைச் சட்டங்கள் முதலில் அற்றுப்போக, நிலைச் சட்டங்கள் துணையின்றித் தனியே நிற்கும். நெடிய தூண் நடுவில் தாங்கலின்றி நின்றால் எளிதில் வளைந்தொடியும் என்பது ஆய்லர் என்னும் கணித அறிஞர் கண்ட விதி. தாங்கலற்ற நீளம் இரட்டித்தால், தூண் வளையாது தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகும். ஆகவே எலும்புச் சத்து சிறிதே குறைந்தாலும் வலிமை பெரிதும் குறைகிறது. இதுவே ஆஸ்டியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு மெலிவு நோய்.

இதனை அளப்பதற்கு ஒரு முறை உண்டு. இருவேறு ஆற்றலுடைய எக்ஸ்ரே கதிர்களை உடலினூடே செலுத்தி, எலும்பின் அடர்த்தியைக் கணிக்கின்றனர். நல்ல உடல்நலமுள்ள இளமகளிரின் சராசரியிலிருந்து 2.5 திட்டவிலக்கமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் அது ஆஸ்டியோபொரோசிஸ் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1994-ஆம் ஆண்டில் வரையறை செய்தது.

எலும்பின் வலிமைக்கும் அடர்த்திக்கும் உள்ள தொடர்பைக் கார்ட்டர், ஹேய்ஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1977-இல் விரிவாக வெளியிட்டனர். அமுக்கத்தைத் தாங்கும் வலிமை, ஏறத்தாழ அடர்த்தியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது அவர்கள் கண்ட முடிபு. அடர்த்தி பாதியானால் வலிமை பாதியாவதில்லை, காற்பங்கே எஞ்சும். இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

திருகாணி வந்த வரலாறு

முதுகெலும்பை உலோகத்தால் நிலைநிறுத்தும் முயற்சி பழையதே. அமெரிக்க ஐக்கிய நாட்டு ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்பவர், கோணிய முதுகுடைய சிறுவர்க்குக் கொக்கிகளும் கோலும் பொருத்தும் முறையை வகுத்து 1962-இல் வெளியிட்டார். கொக்கி எலும்பைப் பற்றி நிற்குமேயன்றி ஊடுருவி நிற்காது. கனடா தேசத்துப் பௌச்சர் 1959-இல் நீண்ட திருகாணிகளைப் பெடிக்கிளினுள் செலுத்தும் முறையை எழுதினார். பாரிஸ் நகரத்து ரேமோன் ருவா-கமீய் 1963 முதல் இக்காம்பின் வழியே திருகாணி செலுத்தித் தகடுகளால் இணைத்து, 1970-இல் அதனை விவரித்தார். இன்று உலகெங்கும் வழங்குவது இவ்வழியே.

இம்முறையின் சிறப்பு யாதெனில், காம்பே முள்ளெலும்பில் உறுதி மிக்க பகுதிகளுள் ஒன்று. ஹிரானோவும் உடனாய்வாளரும் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், திருகாணியை வெளியே இழுப்பதற்கு எதிரான வலிமையில் ஏறக்குறைய 60 சதவீதமும், மேலும் கீழும் அசைவதை எதிர்க்கும் விறைப்பில் ஏறக்குறைய 80 சதவீதமும் காம்பினாலேயே அமைகின்றன என்று கண்டனர். உடற்பகுதியாகிய பஞ்செலும்பின் பங்கு எஞ்சியதே.

இழுத்துப் பார்க்கும் சோதனை

தச்சரை நோக்குக. தேக்குப் பலகையில் முடுக்கிய திருகாணியை இழுத்து எடுத்தல் அரிது. முருங்கைக் கட்டையில் முடுக்கியதோ விரலாலேயே பெயர்ந்து வரும். திருகாணி ஒன்றே, பிடிப்பு வேறு. இதனை எண்ணால் கூறுவதே முதற் சோதனை.

திருகாணியை ஒரு கட்டியில் முடுக்கி, கட்டியை யந்திரத்தின் அடியில் இறுகப் பிணித்து, திருகாணியின் தலையைப் பற்றி அதன் அச்சின் நேரே மெல்ல இழுக்கிறார்கள். அமெரிக்காவில் வகுக்கப்பட்டு ஏ.எஸ்.டி.எம். என வழங்கும் நியமங்களுள் ஒன்று, இழுக்கும் வேகம் நிமிஷத்திற்கு 5 மில்லிமீட்டர் என்கிறது. விசை ஏறிக்கொண்டே சென்று, புரிகளுக்கிடையே உள்ள பொருள் அறுபடும்போது திடீரென இறங்கும். அவ்வுச்சியே இழுவை வலிமை எனக் குறிக்கப்படும்.

இவ்வெண்ணை முன்கூட்டியே கணிக்கவும் ஒரு வழி உண்டு. சாப்மனும் அவர்தம் தோழரும் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இக்கணக்கைச் சோதனையோடு ஒப்பிட்டனர். திருகாணி பெயரும்போது அதன் புரிமுனைகளைத் தொட்டு நிற்கும் ஓர் உருளையின் புறப்பரப்பில் எலும்பு அறுபடுகிறது. ஆகவே அப்பரப்பையும், எலும்பின் கத்தரிப்பு வலிமையையும், புரியின் வடிவைக் குறிக்கும் ஓர் எண்ணையும் பெருக்கினால் விடை கிடைக்கும். அவ்வடிவெண், புரியின் ஆழத்தைப் புரிகளின் இடைத்தூரத்தால் வகுத்து, 0.577-ஆல் பெருக்கி, 0.5-ஐக் கூட்டியது.

ஓர் உதாரணம் கொள்வோம். திருகாணியின் புறவிட்டம் 6 மில்லிமீட்டர். உள்ளே அமைந்த நீளம் 40 மில்லிமீட்டர். புரியின் ஆழம் 1, இடைத்தூரம் 3. புறப்பரப்பு ஏறக்குறைய 754 சதுர மில்லிமீட்டர், வடிவெண் 0.69. கத்தரிப்பு வலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன் என்று கணக்கின் பொருட்டு வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்க 1,040 நியூட்டன் வருகிறது. இது 106 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம்.

இனி அடர்த்தி பாதியாயிற்று என்க. கத்தரிப்பு வலிமைக்கும் வர்க்க விதியையே ஏறத்தாழக் கொண்டால், 1,040 நியூட்டன் 260 ஆகிறது. இழந்ததைப் பருமனால் ஈடு செய்வோமாயின், 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள திருகாணி 303 நியூட்டன் தரும். அதன் நீளத்தையும் 50 ஆக்கினால் 379. பருமன் ஒன்றினாலேயே முழுவதும் ஈடு செய்யவேண்டுமானால் விட்டம் 24 மில்லிமீட்டர் ஆகவேண்டும். காம்பின் அகலமோ நடுமுதுகில் சிலவிடங்களில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டரே. மிகப் பருத்த ஆணி காம்பைப் பிளந்து தண்டுவடத்திற்கே தீங்கு செய்யும். ஆகவே மெலிந்த எலும்பின் குறையைத் திருகாணியின் உருவத்தால் மாத்திரம் தீர்க்கவியலாது என்பது இக்கணக்கிலிருந்து நாம் பெறும் முதற் பாடம்.

முளை பிடுங்கும் முறை

நிற்க. அம்மையாரின் திருகாணி நேரே இழுபட்டு வெளிவந்ததா? இல்லை. எக்ஸ்ரே படத்தில் அது இருந்த இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் கருவளையம் மாத்திரம் தோன்றிற்று. அஃதாவது, திருகாணிக்கும் எலும்புக்கும் இடையே வெளி உண்டாகியிருந்தது. இதன் காரணத்தை உணரப் பெரிய யந்திரம் வேண்டுவதில்லை. மாடு கட்டிய முளையைப் பிடுங்கும் உழவரைப் பார்த்தால் போதும். அவர் அதனை நேரே மேல்நோக்கி இழுப்பதில்லை. இப்புறமும் அப்புறமும் பலமுறை அசைக்கிறார். மண் விலகிக் குழி அகன்றபின், ஒரு கையாலேயே எடுத்துவிடுகிறார்.

உடலிலும் அவ்வாறே. நாம் குனிந்து நிமிரும்போதும், நடக்கும்போதும், நாற்காலியிலிருந்து எழும்போதும், கம்பியின் வழியாகத் திருகாணியின் தலைக்கு மேலும் கீழுமாக விசை வருகிறது. திருகாணி ஒரு நெம்புகோல். உறுதியான காம்பே அதன் சுழலிடம். தலை கீழே தாழ்ந்தால் நுனி மேலே ஏறும். நுனியைச் சுற்றிய பஞ்செலும்பு நசுங்கும். பன்முறை இவ்வாறு நிகழ, நடுவில் ஒடுங்கி இருபுறமும் அகன்ற உடுக்கை வடிவமான குழி உண்டாகிறது. உயிருள்ள எலும்பில் இன்னுமோர் இடரும் உண்டு. ஆணி ஓயாது அசையுமிடத்தில் புதிய எலும்பு ஒட்டி வளர்வதற்குப் பதிலாக நார்த்தசையே வளர்வதுண்டு. அதனால் அசைவு பின்னும் மிகும்.

ஆகவே இழுவைச் சோதனை ஒன்றையே கொண்டு தீர்ப்புச் சொல்லுதல் தகாது. இக்காலத்து ஆராய்ச்சியாளர் திருகாணியின் தலையை மேலும் கீழுமாக ஆயிரக்கணக்கான முறை அசைத்துப் பார்க்கின்றனர். சுமையைப் படிப்படியாகக் கூட்டுவதும் உண்டு. எத்தனையாவது அசைவில், எவ்வளவு சுமையில், ஆணி குறித்த அளவுக்கு மேல் விலகிற்று என்று கணக்கிடுகின்றனர். இழுவையில் முதலிடம் பெற்ற திருகாணி, அசைவிலும் முதலிடம் பெறும் என்பதற்கு உறுதியில்லை.

வேறொரு சோதனையையும் இங்குக் கூறவேண்டும். திருகாணிகளும் கம்பிகளும் சேர்ந்த முழு அமைப்பை இரண்டு பாலிஎத்திலீன் கட்டிகளில் பொருத்தி, நடுவிலே முள்ளெலும்பொன்று இல்லாததுபோல் இடைவெளி விட்டு, 50 லட்சம் முறை சுமையேற்றி இறக்கும் நியமம் ஒன்று உண்டு. உலோகம் களைத்து முறியுமா என்பதை அறிய இது மிகச் சிறந்தது. ஆனால் கட்டி எலும்பன்று. ஆணியைத் தளரவிடாது இறுகப் பற்றிக்கொள்ளும் பொருள். இச்சோதனையில் தேறியது உலோகம். எலும்பு அங்கே பரீட்சைக்கு வரவேயில்லை.

எதில் வைத்துச் சோதிப்பது?

எலும்பைப் பரீட்சைக்கு அழைப்பது எங்ஙனம்? இரண்டு வழிகள் உள.

முதல் வழி, பாலியூரித்தேன் நுரைக்கட்டி. இதனை வேண்டிய அடர்த்தியில் செய்துகொள்ளலாம். கன சென்டிமீட்டருக்கு 0.32 கிராம் உள்ளதை நல்ல எலும்புக்கும், 0.16 உள்ளதை மெலிந்த எலும்புக்கும், 0.08 உள்ளதை மிகமெலிந்த எலும்புக்கும் பதிலாகப் பலர் கையாளுகின்றனர். கட்டிக்குக் கட்டி வேறுபாடு மிகச் சிறிது. ஆதலின் இரண்டு திருகாணிகளை ஒப்பிடுவதற்கு ஏற்றது. ஆயினும் இதில் மேலோடும் இல்லை, காம்பும் இல்லை, மச்சையும் இல்லை. இந்நுரை ஒப்பிடுவதற்கான பொருளேயன்றி எலும்பின் பிரதியன்று என்பதை நியமத்தை வகுத்தவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

இரண்டாவது வழி, மரித்தோர் எலும்பு. தம் உடலைக் கல்விக்கென்று உவந்தளித்த பெருமக்களின் முள்ளெலும்புகளைக் குளிரில் உறையவைத்துக் காத்து, சோதனைக்குமுன் இளக்கி, உலராதவாறு உப்புநீரால் ஈரமாக வைத்திருந்து சோதிக்கின்றனர். பார்மலினில் பதப்படுத்திய எலும்பின் தன்மை மாறிவிடுமாதலால் அதனைப் பெரும்பாலும் தவிர்ப்பர். முதலில் அடர்த்தியை அளக்கின்றனர். அளவாமல் செய்த சோதனை, நிறுக்காமல் விற்ற தானியம் போன்றது.

இங்கே ஓர் அழகிய உபாயம் உளது. ஒருவர் எலும்புக்கும் மற்றொருவர் எலும்புக்கும் வேறுபாடு மிகுதி. ஒரு வகைத் திருகாணியை ஒருவர் எலும்பிலும் மற்றதை வேறொருவர் எலும்பிலும் இட்டால், வென்றது திருகாணியா எலும்பா என்று சொல்லவியலாது. ஆனால் ஒரே முள்ளெலும்பில் காம்புகள் இரண்டு. வலப்புறத்தில் ஒரு வகையையும் இடப்புறத்தில் மற்றொரு வகையையும் இட்டு, எது எப்புறம் என்பதைச் சீட்டுக் குலுக்கியதுபோல் தீர்மானித்தால், வயதும் நோயும் அடர்த்தியும் இருபுறத்துக்கும் பொதுவாகிவிடும். எஞ்சிய வேறுபாடு திருகாணியினுடையது. நம் பரிசோதனைச் சாலையில் பயிலும் மாணவர் இம்முறையை நன்கு மனத்திற்கொள்ளல் வேண்டும்.

இவ்வழிக்கும் எல்லை உண்டு. மரித்த எலும்பு ஆறுவதில்லை, கரைவதுமில்லை. பத்தாம் மாதத்தில் நேர்வதை ஒரு பகற்பொழுதின் சோதனை முழுவதும் காட்டாது.

பிடிப்பைப் பெருக்கும் உபாயங்கள்

இச்சோதனைகளின் பயனாகச் சில உபாயங்கள் வழக்கத்திற்கு வந்துள்ளன. திருகாணியைவிடச் சிறிய துளையிட்டு முடுக்கினால், பஞ்செலும்பு சுற்றிலும் நெருங்கிப் பிடிக்கும். நுனி சிறுத்த கூம்பு வடிவத் திருகாணியும் அங்ஙனமே நெருக்கும். ஆனால் அதனைச் சிறிது பின்னுக்குத் திருப்பினாலும் பிடிப்புக் குறையக்கூடும். சாண்டோனியும் உடனாய்வாளரும் 2009-இல், உறுதியான புறவோட்டை மிகுதியும் தொட்டுச் செல்லுமாறு, உள்ளிருந்து வெளிநோக்கியும் கீழிருந்து மேல்நோக்கியும் திருகாணியைச் செலுத்தும் புதுவழியைச் சோதித்து, இழுவை வலிமை 30 சதவீதம் மிகக் கண்டனர். இன்னும் பல முள்ளெலும்புகளில் ஆணியிட்டுச் சுமையைப் பகிர்ந்துகொடுப்பதும் ஒரு முறை.

யாவற்றினும் பெரிய எண்ணைத் தருவது எலும்புச் சிமெண்டு. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் எனப்படும் இப்பொருள், செயற்கைப் பற்களின் தளத்திற்கு வழங்கும் பொருளின் இனமே. பிரான்சு தேசத்து ஆமியென் நகரில் காலிபேரும் டெராமோனும் 1984-இல் இதனை முள்ளெலும்பினுள் முதன்முதல் செலுத்தினர். இப்பொழுது நுனியில் துளைகளையுடைய திருகாணியின் வழியே சிமெண்டைச் செலுத்துவதுண்டு. சிமெண்டு பஞ்செலும்பின் துளைகளில் பரவி, திருகாணியை வேரூன்றச் செய்கிறது. சோதனை மேசையில் பிடிப்புப் பெரிதும் உயர்கிறது.

ஆயினும் மேசையின்மேல் இரத்தம் ஓடுவதில்லை. உடலில் சிமெண்டு இரத்தநாளத்திற் புகுந்து நுரையீரலை அடைதல் கூடும். தண்டுவட வழியிற் கசிந்து நரம்பை நெருக்குதலும் கூடும். பின்னர் ஆணியை எடுக்க நேர்ந்தால் அது பெரும்பாடாகும். ஓரிடம் மிக விறைப்பானால், அடுத்த முள்ளெலும்பு நசுங்குதலும் உண்டு. ஆகவே மிகப் பெரிய எண்ணே மிகச் சிறந்த சிகிச்சை என்று கொள்ளுதல் பிழை. நோயாளியின் எலும்பு எவ்வளவு மெலிந்தது, இவ்வபாயங்களை ஏற்பது தகுமா என்று தூக்கிப் பார்ப்பது யந்திரத்தின் வேலையன்று; வைத்தியரின் வேலை.

ஆணியை மாற்றுவதற்கு முன் எலும்பையே சீர்ப்படுத்தும் வழியும் ஒன்றுண்டு. புதிய எலும்பு வளரத் தூண்டும் டெரிபாரடைடு என்னும் மருந்து 2002-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கார்ட்டர், ஹேய்ஸ் கண்ட வர்க்க விதி இங்கே நமக்கு அனுகூலமாகத் திரும்புகிறது. அடர்த்தி பத்தில் ஒரு பங்கு உயர்ந்தால், அக்கணக்கின்படி வலிமை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மிகுதியாக உயரும்.

அம்மையாருக்குக் கூறிய விடை

இவற்றை எல்லாம் ஒரு மாலைப் பொழுதில் அம்மையாருக்கு எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டிருந்து, "அப்படியானால் ஆணியைப் பரீட்சை செய்தார்கள், என் எலும்பைப் பரீட்சை செய்யவில்லை" என்றார். நாம் விரித்துரைத்ததை அவர் ஒரு வரியில் அடக்கிவிட்டார். முதற் சிகிச்சைக்கு முன் அவருடைய எலும்பின் அடர்த்தி அளக்கப்படவில்லை என்பதும் அப்பொழுதுதான் நமக்குத் தெரிந்தது. இப்பொழுது அளந்திருக்கிறார்கள். மறுசிகிச்சையைப் பற்றி முடிவு செய்யுமுன் எலும்பை வலுப்படுத்தும் மருந்தை வைத்தியர் தொடங்கியிருக்கிறார். கைக்கோலூன்றி வாயில்வரை நடந்து வருகிறார். வலி முற்றும் தீரவில்லை.

மாணவ நேயர்களே! பரிசோதனைச் சாலையில் யந்திரம் காட்டும் எண் ஒருபோதும் தானே பொய் சொல்லாது. ஆயினும் கேட்ட வினாவிற்கே அது விடையளிக்கும். கேளாத வினாவிற்கு அளியாது. நேரே இழுத்தால் எவ்வளவு தாங்கும் என்று கேட்டால், அதற்குரிய விடை வரும். நாள்தோறும் எழுந்து நடமாடும் ஒரு மூதாட்டியின் மெலிந்த முள்ளெலும்பில் எத்தனை காலம் நிலைக்கும் என்பது வேறு வினா. அதற்கு வேறு சோதனை வேண்டும். உங்களில் சிலர் வைத்தியராவீர், சிலர் யந்திர நிபுணராவீர், சிலர் உபாத்தியாயராவீர். எத்தொழிலில் அமர்ந்தாலும், எண்ணைக் குறிக்குமுன் வினாவை நன்கு எழுதிக்கொள்ளுங்கள். தம் உடலையே நமக்குப் பாடமாக விட்டுச்சென்ற பெயரறியாப் பெரியோருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியும் அதுவே.